பூட்டானும் பொகவந்தலாவையும்: மகளிர் உதைபந்தாட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் பூட்டான் மகளிர் தேசிய உதைபந்தாட்ட அணியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு மலையகத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூட்டானைப் பற்றியவை அல்ல. நம் பிள்ளைகளைப் பற்றியவை. அதனால் இந்த முறை பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டோம்.

பூட்டான் சின்ன நாடு என்கிறீர்கள். அவ்வளவு சின்ன நாடு எங்கள் இலங்கை அணியை எப்படி வென்றது?
உயர்தர மாணவி, பொகவந்தலாவை

எவ்வளவு சின்னது என்று முதலில் பார்ப்போம், மகள். 2017 கணக்கெடுப்பில் பூட்டானியர் 7 இலட்சத்து 27 ஆயிரம் பேர். 2012 குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் 7 இலட்சத்து 11 ஆயிரம் பேர். உங்கள் மாவட்டத்தில் எத்தனை பேரோ, அத்தனை பேர்தான் அந்த நாடு முழுவதும்.

தெற்காசிய மகளிர் சாம்பியன்ஷிப் முதன்முதலாக 2010 டிசம்பரில் பங்களாதேஷின் கொக்ஸ் பஸாரில் நடந்தது. அங்கே பூட்டான் இந்தியாவிடம் 18–0 என்று தோற்றது. ஒரு கோலுக்கு ஐந்து நிமிடம் என்று கணக்குப் பாருங்கள். 2022 இல் கத்மண்டுவில் அதே பூட்டான் இலங்கையை 5–0 என்று வென்று அரையிறுதிக்குப் போனது. அரையிறுதியில் பங்களாதேஷ் அவர்களை 8–0 என்று வென்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏறுமுகம் என்றால் நேர்கோடு இல்லை. 2024 இல் மறுபடி கத்மண்டு. நேபாளத்தை அதன் சொந்த மண்ணில் 0–0 என்று தடுத்தார்கள், மாலைதீவுக்கு 13 கோல் போட்டார்கள், அரையிறுதியில் பங்களாதேஷிடம் 7–1 என்று விழுந்தார்கள்.

பூட்டானில் பெண்களுக்கென்று ஒரு தேசிய லீக் இருக்கிறது. தேசிய அணிக்கு ஆள் எடுக்கும்போது, பருவம் முழுக்க ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிலிருந்து எடுக்கிறார்கள். அந்த லீக் இப்போது எந்த அளவுக்கு வந்துவிட்டது என்றால், 2025 இல் பங்களாதேஷின் சபீனா காதுன், ரிது பொர்னா சக்மா, மொனிக்கா சக்மா போன்ற தெற்காசிய சாம்பியன்களே பூட்டானின் பாரோ கழகத்துக்கு ஆடப் போனார்கள். இலங்கை 2012 இல் இந்தத் தொடரைக் கொழும்பில் நடத்தியது. ஆனால் 2024 வரை நடந்த ஏழு தொடர்களில் ஒன்றில்கூட இறுதிப் போட்டியை எட்டவில்லை. அதற்கு மேல் 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை இலங்கைச் சம்மேளனத்துக்கு ஃபீபா தடை விதித்திருந்தது. அந்த மாதங்களில் தேசிய அணிகளுக்குச் சர்வதேச ஆட்டமே கிடையாது. உதைபந்தாட்டத்தில் இழந்த மாதங்களைப் பின்னால் ஈடுசெய்வது மிகக் கடினம். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தப் பத்தொன்பது திரும்பி வராது.

பூட்டானை மட்டும் பார்க்காமல் ரிது பொர்னாவையும் கவனியுங்கள். அவரும், 2022, 2024 இரண்டு தொடரிலும் சிறந்த கோல் காப்பாளரான ருப்னா சக்மாவும் பங்களாதேஷின் ரங்காமாட்டி மலை மாவட்டத்துப் பிள்ளைகள். 2025 ஜூலையில் மியன்மாருக்கு எதிராக ரிது பொர்னா போட்ட இரண்டு கோல்களால் பங்களாதேஷ் 2–1 என்று வென்று, வரலாற்றில் முதல் தடவையாக மகளிர் ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. மலையில் வாழும் சிறுபான்மைச் சமூகத்துப் பெண் ஒரு நாட்டையே தூக்கிக்கொண்டு போன கதை அது.

மலையில் பிறந்தவர்களுக்கு நுரையீரல் பலம் என்கிறார்கள். ஆனால் எங்கள் அணி கொழும்புக்குப் போனால் இரண்டாவது பாதியில் சுருண்டுவிடுகிறது. ஏன்?
உடற்கல்வி ஆசிரியர், நுவரெலியா

சேர், உங்கள் பிள்ளைகளைச் சுருட்டுவது வெயில். மூச்சுக்கு அதில் பங்கு குறைவு.

நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 வீதம். மேலே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கீழே மூச்சு சற்று இலகுவாகவே இருக்கும். ஆனால் 15 பாகை குளிரில் பழகிய உடம்புக்கு வியர்க்கத் தெரியாது. வெப்பத்துக்குப் பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், நிறைய வியர்க்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக விடும். இந்தப் பழக்கம் வர 7 முதல் 14 நாள் வேண்டும். காலையில் பஸ் ஏறி மத்தியானம் ஆடும் அணிக்கு அது கிடையாது.

முடிந்தால் ஒரு வாரம் முன்னதாகக் கீழே இறங்குங்கள். பெரும்பாலான பாடசாலைகளுக்கு அது முடியாது என்று தெரியும். அப்படியானால் போட்டிக்கு முந்தைய பத்து நாளும் பயிற்சியை வெயில் ஏறிய நேரத்துக்கு மாற்றி, மேலே ஒரு சட்டை கூடுதலாகப் போட்டு 40 நிமிடம் ஓடவிடுங்கள். தலைச்சுற்றல், குமட்டல், குளிர் நடுக்கம் என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்தக் கணமே நிறுத்தி, நிழலில் இருத்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைக்க வேண்டும். போட்டி நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதும், தேயிலைச் சாயம் போல இருந்தால் போதாது. பஸ்ஸில் வாந்தி எடுத்த பிள்ளைக்கு வெறும் தண்ணீர் பத்தாது, ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புத் தூள்) கரைத்துக் கொடுங்கள்.

இன்னொன்றையும் பயிற்றுநர்கள் பலர் கவனிப்பதில்லை. மேலே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. பந்து கூடுதல் தூரம் போகும், குறைவாக வளையும். அதே காலால் அதே உதையைக் கொழும்பில் அடித்தால் பந்து முன்னதாகவே இறங்கிவிடும். கோல் காப்பாளரின் கோல் உதையும் மூலை உதையும்தான் இதில் முதலில் பிழைக்கும். போட்டிக்கு முன் கிடைக்கும் அரை மணியில் அந்த இரண்டையும் பத்துப் பத்துத் தடவை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பந்துக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும்? எங்கள் பந்துகள் இரண்டே மாதத்தில் காற்று இறங்கிவிடுகின்றன.
இளைஞர் கழகச் செயலாளர், மஸ்கெலியா

விதிப்படி 5 ஆம் இலக்கப் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், எடை 410 முதல் 450 கிராம், அழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம். சைக்கிள் பம்பின் மானியில் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. என்று வரும். மேடு பள்ளமான தோட்டத்து மைதானத்துக்கு 9, 10 போதும். அதற்கு மேல் அடித்தால் பந்து கல்லில் பட்டுத் துள்ளும், பிள்ளைகள் பந்தை அடக்கவே பழகமாட்டார்கள்.

காற்று இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஊசி. காய்ந்த ஊசியைக் குத்தும்போது வால்வின் றப்பர் உள்ளே கிழிகிறது. வால்வில் இரண்டு துளி கிளிசரின் விட்டு, ஊசியை நனைத்து, நேராக, திருகாமல் செலுத்துங்கள். எச்சில் தொட்டுக் குத்துவதும் ஒரு வழிதான், ஆனால் ஊசி துருப்பிடிக்கும். வால்வில் சவர்க்கார நுரை தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். ஈரப் பந்தை அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போடுவதை நிறுத்துங்கள். ஓட்டுப் பசை விட்டுப்போவது அங்கேதான். பூட்ஸுக்கும் இதே கதி. பூட்ஸுக்குள் பழைய பத்திரிகையைத் திணித்து ஒரு மணி நேரத்தில் மாற்றுங்கள், இரண்டாம் தடவை திணித்தது விடியும்வரை இருக்கட்டும்.

மேலிருந்து கீழே பந்து கொண்டு போனால் மறுபடி அளந்து பாருங்கள். நுவரெலியாவின் குளிரில் 0.8 என்று அடித்த பந்து கொழும்பு வெயிலில் ஏறத்தாழ 0.7 காட்டும். கீழே காற்றழுத்தம் கூடுவதால் பந்து தளர்கிறது, சூடு அதில் பாதியைத்தான் ஈடுசெய்கிறது.

12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு 4 ஆம் இலக்கப் பந்து கொடுங்கள். பெரிய பந்தைச் சின்னக் காலால் உதைத்துப் பழகினால் உதைக்கும் முறையே கோணலாகிவிடும்.

மகள் மூக்குத்தி போட்டிருக்கிறாள். கழற்றினால்தான் ஆடவிடுவேன் என்று நடுவர் சொல்லிவிட்டார். பிளாஸ்டர் ஒட்டினால் போதாதா? காற்சட்டைக்குக் கீழே கால் தெரிவதும் அவளின் அப்பாயிக்குப் பிடிக்கவில்லை.
ஒரு தாய், தலவாக்கலை

போதாது அம்மா. எல்லா நகையும் கழற்ற வேண்டும், ஒட்டி மறைப்பதும் கூடாது என்று விதியே சொல்கிறது. தோடு, மூக்குத்தி, காப்பு, கொலுசு, றப்பர் வளையம் எல்லாம் அதில் அடங்கும். கோயிலில் கட்டிய நூலையும் நடுவர் கழற்றச் சொல்லலாம். அதற்காக நூலை அறுத்துப் போட வேண்டியதில்லை. பக்குவமாக அவிழ்த்துப் பையில் வைத்து, ஆட்டம் முடிந்ததும் கட்டிவிடுங்கள். புதிதாகக் குத்துவதாக இருந்தால் போட்டிகள் முடிந்த கையோடு குத்துங்கள். காது ஆற ஒன்றரை, இரண்டு மாதம் போகும். மூக்கு இன்னும் பல மாதம் எடுக்கும். ஆறும் முன் கழற்றினால் துளை மூடிக்கொள்ளும்.

அப்பாயியின் கவலைக்கு விதியிலேயே இடம் இருக்கிறது. காற்சட்டைக்கு உள்ளே கணுக்கால் வரை இறுக்கமான கால்சட்டை போடலாம். அதன் நிறம் வெளிக்காற்சட்டையின் பிரதான நிறமாகவோ அதன் கீழ்விளிம்பின் நிறமாகவோ இருக்க வேண்டும்; அணியில் அப்படிப் போடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே நிறம். கை நீண்ட உட்சட்டையின் நிறம் மேற்சட்டைக் கையின் நிறத்தோடு பொருந்த வேண்டும். 2014 முதல் தலையை மூடும் துணிக்கும் அனுமதி உண்டு.

சீருடை தைக்கக் கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: வெள்ளைக் காற்சட்டை வேண்டாம். இங்கிலாந்து மகளிர் அணியே 2023 உலகக் கிண்ணத்துக்கு வெள்ளையை விட்டு நீலத்துக்கு மாறியது. மாதவிடாய் நாட்களில் வெள்ளைக்குப் பயந்து பயிற்சிக்கு வராமல் நின்றுவிடும் பிள்ளை காரணத்தைச் சொல்லமாட்டாள். கறுப்போ கடும் நீலமோ எடுத்து, அணிப் பையில் ஒரு உபரிக் காற்சட்டையும் ஒரு பக்கெட் நப்கினும் எப்போதும் வைத்திருங்கள்.

இருபது நிமிடம் ஓடினாலே மகளுக்கு மூச்சு வாங்குகிறது, கால் கனக்கிறது என்கிறாள். பயிற்சி போதாதா?
ஒரு தந்தை, ஹட்டன்

பயிற்சியைக் கூட்டும் முன் இரத்தத்தைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். 12 வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைக்கு ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை. ஆனால் அது கடல்மட்டக் கணக்கு. உயரத்தில் வாழ்கிறவர்களின் இரத்தத்தில் இயல்பாகவே ஹீமோகுளோபின் கூடுதலாக இருக்கும் என்பதால் அந்த உபரியைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். மலையில் 12 ஐத் தொட்டும் தொடாமலும் இருக்கும் பிள்ளைக்கு உண்மையில் குறைவுதான். இதை வைத்தியரிடம் நீங்களே ஞாபகப்படுத்தலாம், தவறில்லை.

அடுத்தது தேத்தண்ணி. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு சாயம் ஏறிய பிளேன்டி குடிப்பது நம் வீடுகளில் வழக்கம். தேயிலைச் சாயம் பருப்பு, கீரை, கடலையில் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேர்வது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ குடிக்கட்டும். சாப்பாட்டோடு அரைத் தேசிக்காய் பிழிந்த தண்ணீர், அல்லது ஒரு கொய்யா, அல்லது நெல்லிக்காய் கொடுங்கள். அவற்றிலுள்ள விற்றமின் சி இரும்பைச் சேரவைக்கும். நெத்தலிக் கருவாட்டிலும் முட்டையிலும் கிடைப்பதைக் கணக்கில் எடுங்கள். பாடசாலையில் கொடுக்கும் இரும்பு மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது. பரிசோதிக்காமல் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், இரத்தச்சோகை எல்லாம் இரும்புக் குறைவால் வருவதில்லை.

ஒரு ஆட்டக்காரிக்கு யாரும் இடிக்காமலே முழங்கால் 'டக்' என்று விட்டுப்போனது. மற்றப் பிள்ளைகளை எப்படிக் காப்பது?
பயிற்றுநர், பதுளை

அது பெரும்பாலும் முழங்காலுக்குள் இருக்கும் முன்சிலுவைத் தசைநார் கிழிவது. ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு, மூன்று மடங்கு அதிகம். ஓடிவந்து திரும்பும்போதும் துள்ளி இறங்கும்போதும் முழங்கால் உள்பக்கம் மடிவதுதான் வினை. வீக்கம் சில மணி நேரத்தில் வந்திருந்தால் எண்ணெய் போட்டு உருவாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். உருவுவதால் தசைநார் ஒட்டாது, வீக்கம்தான் கூடும்.

தடுக்க ஒரு நல்ல வழி உண்டு: ஃபீபாவின் '11+' என்ற 20 நிமிட உடல்சூடாக்கல். செலவில்லை. ஐந்தாறு மீற்றருக்கு ஒரு சோடியாக ஆறு சோடி அடையாளம் வையுங்கள், தண்ணீர்ப் போத்தல் போதும். முதல் 8 நிமிடம் மெதுவான ஓட்டம், ஆறு வகை: நேராக, இடுப்பை வெளியே திருப்பி, உள்ளே திருப்பி, துணையைச் சுற்றி, தோளோடு தோள் மோதித் துள்ளி, முன்னும் பின்னுமாக வேகமாக. அடுத்த 10 நிமிடம் பலம், சமநிலை, துள்ளல்: முழங்கை ஊன்றிப் பலகை போல 20 முதல் 30 விநாடி, மூன்று தடவை, அதே போலப் பக்கவாட்டில், துணை கணுக்காலைப் பிடிக்க, முழங்காலில் நின்று உடம்பை மெல்ல முன்னால் சாய்ப்பது 3 முதல் 5 தடவை, ஒற்றைக் காலில் நிற்பது 30 விநாடி, இருந்தெழும்புவது, துள்ளி இறங்குவது. கடைசி 2 நிமிடம் வேக ஓட்டமும் வெட்டித் திரும்புவதும்.

நீங்கள் பார்க்க வேண்டியது முழங்காலைத்தான். முன்னால் நின்று பாருங்கள். இறங்கும்போது முழங்கால் கால்விரலுக்கு நேரே இருக்கிறதா, உள்ளே சாய்கிறதா? சாய்ந்தால் அந்தப் பிள்ளையை அடுத்த கட்டத்துக்கு ஏற்றாதீர்கள். வாரத்துக்கு இரண்டு தடவைக்குக் குறைந்தால் பலன் இல்லை. நோர்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகள் 1,892 பேரை வைத்துச் செய்து 2008 இல் வெளியிட்ட ஆய்வில், இதைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. இதை விட்டுவிட்டுப் பந்தோடு நேராக இறங்கும் பயிற்றுநர்களை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மழைக்காலத்தில் மைதானத்தில் அட்டை. ஒரு பிள்ளைக்கு இரத்தம் நிற்காததால் நடுவர் வெளியே அனுப்பிவிட்டார். இது நியாயமா?
மாணவி, நோர்வூட்

நியாயம்தான், தங்கச்சி. இரத்தம் வழியும் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும். நின்ற பிறகு, உடையில் இரத்தம் இல்லாமல், நடுவர் பார்த்து அனுமதித்தால்தான் உள்ளே வரலாம். அட்டை கடிக்கும்போது இரத்தம் உறையாமல் ஒரு பொருளை விடுவதால் சின்னக் கடியும் நெடுநேரம் கசியும். உப்போ நெருப்போ வைக்காதீர்கள், அது வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கும். நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து, வாய்ப் பக்கத்தைத் தள்ளிவிடுங்கள். சுத்தமான துணியால் 10, 15 நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடித்து, பிறகு இறுக்கிக் கட்டுங்கள். இடையிடையே எடுத்துப் பார்த்தால் நிற்காது. ஆட்டத்துக்கு முன் காலுறையின் மேல் சவர்க்காரத்தை உலர்வாகத் தேய்த்துவிடுங்கள். அடைமழையில் கழுவிப்போகும், இடைவேளையில் மறுபடி தேய்க்க வேண்டும். மாற்றுக் காலுறை ஒரு சோடி அவசியம்.

எங்கள் தாத்தாவுக்குப் பிரஜாவுரிமை இருக்கவில்லை. நான் இலங்கைக்கு ஆட முடியுமா?
மாணவி, அப்புத்தளை

முடியும். தேசிய அணிக்கு ஆடத் தேவை அந்த நாட்டின் குடியுரிமை. 1948 குடியுரிமைச் சட்டம் பறித்ததையும் 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தம் இழுத்தடித்ததையும் தாண்டி, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் மீதமிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கொடுத்தது. உங்கள் தலைமுறைக்குச் சிக்கல் வருவது கடதாசியில்தான்: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் வேறு எழுத்து, அப்பாவின் அடையாள அட்டையில் மூன்றாவது. தெரிவு வந்த பிறகு இதைத் திருத்த ஓடினால் கடவுச்சீட்டு நேரத்துக்கு வராது. இப்போதே பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றை எடுத்து, மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்குக் கொடுங்கள். 15 வயதானதும் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கடவுச்சீட்டுக்குக் கொழும்புப் பக்கம் போக வேண்டியதில்லை, கண்டியிலும் அலுவலகம் உண்டு.

தெரிவாளர் கண்ணில் படும் வழி கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை என்ற பாடசாலைப் படிதான். அதற்குப் பிறகு இராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் மகளிர் அணிகள் ஒரு வழி, சம்பளத்தோடு ஆடலாம்.

தோட்டத்தில் தட்டையான இடம் 50 மீற்றருக்கு மேல் இல்லை. பெண்பிள்ளைகளுக்கு ஒரு தொடர் நடத்த முடியுமா?
தோட்ட இளைஞர்கள், இராகலை

தாராளமாக. எழுவர் ஆட்டமாக வையுங்கள். 50க்கு 30 மீற்றர் போதும். நிலம் சரிவானால் சரிவை நீளவாக்கில் விடுங்கள். குறுக்குவாக்கில் விட்டால் முழு ஆட்டமும் பள்ளத்துப் பக்கக் கோட்டிலேயே கிடக்கும். நீளவாக்கில் என்றால் இரு அணிக்கும் ஒவ்வொரு பாதி மேடு கிடைக்கும். கானிலிருந்து கோடு 3 மீற்றராவது தள்ளியிருக்கட்டும்.

மூலையைச் சதுரமாக்க 36 மீற்றர் கயிறு எடுத்து, 9 ஆம் மீற்றரிலும் 21 ஆம் மீற்றரிலும் முடிச்சுப் போட்டு, இரு நுனியையும் சேர்த்துக் கட்டுங்கள். 9, 12, 15 என்று மூன்று பக்கமும் விறைப்பாக நின்றால், 9ம் 12ம் சந்திக்கும் மூலை நேர்கோணம். கோடு போட நீற்றுச் சுண்ணாம்பு வேண்டாம். கண்ணில் பட்டால் பொசுக்கும், ஈரத்தோலையும் அரிக்கும். தேயிலைக்குப் போடும் டொலமைட் தூள் தோட்டத்திலேயே இருக்கும், அது போதும். கோட்டின் அகலம் 12 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. மூங்கில் கோல் கம்பங்களைக் குழி தோண்டி நடுங்கள். நடாமல் நிறுத்துவதானால் பின் சட்டத்தில் மண்மூட்டை வைத்துக் கட்டிவிடுங்கள். குறுக்குக் கம்பில் தொங்கிக் கம்பம் கவிழ்ந்து பிள்ளைகள் இறந்த நாடுகள் உண்டு.

ஆறு அணி சேர்ந்தால் ஒவ்வொன்றும் மற்ற எல்லோரோடும் ஒருமுறை ஆட 15 ஆட்டம். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று வீதம் ஐந்து கிழமையில் முடியும். ஒரு பாதி 20 நிமிடம், இடையில் 5. காலை 9 மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்குள் மூன்றும் முடியும், பின்னேர மழைக்கு முன் வீட்டுக்குப் போகலாம். தோற்ற அணியை வெளியேற்றும் முறையில் வைக்காதீர்கள். அதில் மூன்று அணி முதல் நாளே வீட்டுக்குப் போய்விடும், அந்தப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒரே ஆட்டம்தான். சுற்றில் ஆளுக்கு ஐந்து, மறுசுற்றும் வைத்தால் பத்து. முதல் சுற்றுக்கு அணிக்கு இரண்டு பந்தும் ஒரு விசிலும் போதும். கொழுந்து கூடும் மாதங்களில் அம்மாமாருக்கு ஞாயிறும் வேலை வரும். அந்தக் கிழமைகளைத் தோட்டத்தில் கேட்டு முன்கூட்டியே விட்டுவிட்டு அட்டவணை போடுங்கள்.